மகிழ்ச்சியைத் தொலைத்த மேதை: ஜான் ஸ்டூவர்ட் மில்

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வெளியான அன்று எங்கள் வீட்டில் அம்மா கேசரி கிண்டினார். அப்பா புலனத்தில் உறவினர் எல்லாருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் மட்டும் அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு மோசமில்லை, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. ஒன்றரை ஆண்டுகளாக அந்த ஒரு நாளை நினைத்துத்தான் காலையில் எழுந்தேன், இரவில் படுத்தேன். அந்த நாள் வந்தபோது மனத்தில் ஒன்றுமே இல்லை. அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நன்றி கெட்ட பிள்ளை என்று என்னையே திட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் உளவியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். மகிழ்ச்சி, வியப்பு, நன்றியுணர்வு போன்ற நேர்மறை உணர்வுகளைப் பற்றிய பாடத்தை எங்கள் விரிவுரையாளர் ஆய்வு முடிவுகளோடு தொடங்கவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் வாழ்ந்த ஓர் இளைஞரின் கதையோடு தொடங்கினார். பொருளியல், அரசியல், தத்துவம் படிப்பவர்கள் எல்லாருக்கும் அவர் பெயர் தெரியும்: ஜான் ஸ்டூவர்ட் மில். ஆனால், 20 வயதில் அவருக்கு என்ன நடந்தது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்று மாலையே நூலகத்துக்குப் போய் அவருடைய சுயசரிதையை எடுத்து வந்தேன்.

வீடே பள்ளி, தந்தையே ஆசிரியர்

மில் 1806ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்துக்காரர், எழுதிப் பிழைத்தவர். மனிதரின் அறிவும் குணமும் முழுக்க முழுக்கக் கல்வியால் உருவாகின்றன என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையைத் தம் மூத்த மகனிடமே சோதித்துப் பார்த்தார்.

மில்லைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. 3 வயதில் கிரேக்கம் தொடங்கியது. அட்டைகளில் சொற்களை எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தார் தந்தை. 8 வயதில் இலத்தீன், 12 வயதில் தருக்கவியல், 13 வயதில் பொருளியல். தந்தை இந்தியாவைப் பற்றிய பெரிய வரலாற்று நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் எதிரே உட்கார்ந்து பாடம் படிப்பான் அந்தச் சிறுவன். கிரேக்கத்துக்கு ஆங்கில விளக்கம் தரும் அகராதி அப்போது இல்லாததால் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையைத்தான் கேட்க வேண்டும். பொறுமையில்லாத அந்த மனிதர் எழுத்தை நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். காலையில் இருவரும் நடக்கப் போவார்கள். முதல் நாள் படித்த வரலாற்றைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு நடந்தபடியே ஒப்பிக்க வேண்டும். இது போதாதென்று, தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்தது.

விடுமுறை கிடையாது. ஒத்த வயதுத் தோழர்களும் இல்லை. விடுமுறை விட்டால் சோம்பல் பழகிவிடும், மற்றப் பையன்களோடு சேர்ந்தால் கெட்டுப்போவான் என்று தந்தை அஞ்சினார். பொம்மைகளும் கதைப் புத்தகங்களும் அரிதாகவே கிடைத்தன. மகனைப் பாராட்டிப் பேசுவதையும் தந்தை தவிர்த்தார். தலைக்கனம் வந்துவிடக்கூடாதே என்ற எண்ணம். சுயசரிதையில் இந்தப் பகுதிகளைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பாடங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர், தம் தாயைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை.

14 வயதில் ஒரே ஒரு திறப்பு கிடைத்தது. தந்தையின் நண்பரான சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமின் தம்பி குடும்பத்தோடு பிரான்சில் ஓராண்டு தங்கினார். அங்கே பிரெனே மலைகளைக் கண்டார்; செடிகளைச் சேகரிக்கக் கற்றார். இந்த மலையும் செடியும் பின்னால் மறுபடியும் வரும்.

ஒரு கேள்வி

லண்டன் திரும்பியதும் பெந்தாமின் கருத்துகள் அவரை ஆட்கொண்டன. மிகப் பெரும்பான்மையோருக்கு மிகுந்த இன்பத்தைத் தருவதே நல்ல செயல், நல்ல சட்டம் என்பது பெந்தாமின் கொள்கை. இன்பத்தை அளக்கவும் அவர் வழி சொன்னார். அதன் தீவிரம், நீடிக்கும் காலம், உறுதி, அண்மை, மேலும் இன்பம் பிறப்பிக்கும் தன்மை, துன்பக் கலப்பில்லாமை, எத்தனை பேரை எட்டும் என்பது ஆகிய ஏழும் அளவுகோல்கள். உலகத்தைச் சீர்திருத்துவதே தம் வாழ்க்கை என்று இளம் மில் முடிவெடுத்தார்.

1823இல், 17 வயதில், தந்தை வேலை செய்த கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். நமது மண்ணுக்கும் அந்தக் கம்பெனிக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் இணைத்து 1826இல் நீரிணைக் குடியேற்றங்களை உருவாக்கியது அதே கம்பெனிதான். அலுவலக வேலைக்குப் பின் மில் கட்டுரைகள் எழுதினார், விவாத மன்றங்களில் பேசினார், பெந்தாமின் குவியல் குவியலான கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்து ஐந்து தொகுதி நூலாக்கினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயதுதான்.

1826ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். எல்லாருக்கும் வருவதுபோல ஒரு சோர்வான நாள். அன்று மில் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். தாம் கனவு காணும் சீர்திருத்தங்கள் அனைத்தும் இந்த நொடியே நிறைவேறிவிட்டால் தமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகுமா? உள்ளிருந்து வந்த விடை: உண்டாகாது. வாழ்க்கையைத் தாங்கிய தூணே சரிந்ததுபோல் இருந்தது. எந்த இலக்கை அடைவதில் இன்பம் என்று நம்பி ஓடினாரோ, அந்த இலக்கிலேயே இன்பம் இல்லையென்றால் ஓடுவது எதற்கு?

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். சரியாகவில்லை. பிடித்த புத்தகங்கள் ருசிக்கவில்லை. அலுவலகம் போனார், எழுதினார், மேடையில் பேசினார்; எல்லாம் பழக்கத்தின் வேகத்தில் நடந்தன. அந்த ஆண்டில் என்ன பேசினோம் என்பதுகூடப் பிற்காலத்தில் அவர் நினைவில் இல்லை. இப்படியே எத்தனை காலம் தாங்க முடியும் என்று மனம் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

யாரிடம் சொல்வது? நெஞ்சைத் திறந்து பேசும் அளவுக்கு நெருங்கியவர் எவரும் இல்லை. தந்தையிடம் சொல்ல முடியாது. இத்தனை ஆண்டு பாடுபட்டு அவர் செதுக்கிய கல்வி தோற்றுவிட்டது என்று அவரிடமே எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவருக்குப் புரியாது என்று மில் நினைத்தார். இந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தேர்வு முடிவு வந்த அன்று கேசரித் தட்டோடு அம்மா கதவைத் தட்டியது நினைவுக்கு வந்தது.

ஏன் வறண்டது?

மில் தம் நோயைத் தாமே ஆராய்ந்தார். அவருடைய விளக்கம் இதுதான். பாராட்டையும் கண்டிப்பையும் கொண்டு குழந்தையின் மனத்தில் சில செயல்களோடு இன்பத்தையும் சிலவற்றோடு துன்பத்தையும் ஒட்டிவிடலாம் என்று தந்தையின் தலைமுறை நம்பியது. ஆனால், அப்படி ஒட்டப்பட்ட இன்பம் அந்தச் செயலுக்குள்ளிருந்து இயல்பாக ஊறுவதல்ல. வெளியே பூசிய பசை. அதே கல்வி இன்னொன்றையும் அவருக்குப் பழக்கியிருந்தது: எதையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வு. அறிவுக்கு அது கூர்மையான கத்தி. ஆனால், பசையால் ஒட்டியதையெல்லாம் அந்தக் கத்தி பிரித்துவிடும். உணர்வை வளர்க்காமல் பகுப்பாய்வை மட்டும் வளர்த்ததால், பாய்மரமில்லாத கப்பல்போல நின்றுவிட்டதாக அவர் உணர்ந்தார்.

இதை இன்றைய ஆய்வொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும், ஓவியம் வரைவதில் ஏற்கனவே ஆர்வமுள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள்கள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள்தாம் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். பரிசு வந்ததும், வரைவதில் இருந்த சொந்த இன்பம் தேய்ந்துவிட்டது. 'ஏ' எண்ணிக்கைக்காக மட்டுமே படிக்கும் நமக்கு இது அந்நியமான செய்தியா?

சில துளிக் கண்ணீர்

ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத் தற்செயலாக ஒரு நூல் கைக்கு வந்தது. மார்மொந்தெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுகள். அதில் ஒரு காட்சி: தந்தை இறந்துபோகிறார், குடும்பம் நிலைகுலைந்து நிற்கிறது. சிறுவனான மார்மொந்தெல் அவர்களிடம், இனி எல்லாமாகவும் தானே இருந்து அவர்கள் இழந்ததை ஈடுசெய்வதாகச் சொல்கிறான். படித்துக்கொண்டிருந்த மில்லின் கண்கள் கலங்கின. அந்தச் சில துளிகள் அவருக்குப் பெரிய செய்தியாக இருந்தன. உணர்வு தமக்குள் செத்துவிடவில்லை! தாம் கல்லும் கட்டையும் அல்ல. அன்று முதல் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வெயில், வானம், புத்தகம், நண்பர்களின் பேச்சு ஆகியவற்றில் சிறிய அளவில் இன்பம் திரும்பியது. இடையிடையே மனச்சோர்வு மறுபடி வந்தாலும் பழைய ஆழத்துக்கு அவர் போகவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து அவர் இரண்டு பாடங்கள் கற்றார்.

முதலாவது: வாழ்வின் நோக்கம் மகிழ்ச்சிதான் என்ற கருத்தை அவர் கைவிடவில்லை. ஆனால், மகிழ்ச்சியையே குறிவைத்து ஓடினால் அது அகப்படாது என்று உணர்ந்தார். பிறர் நலம், ஒரு கலை, ஒரு தேடல் என வேறொன்றில் மனத்தை முழுமையாக வைப்பவருக்கு, போகிற வழியில் அது வந்து சேர்கிறது. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்று நின்று சோதிக்கத் தொடங்கினால் அது நழுவிப் போகிறது.

இரண்டாவது: அறிவைப் போலவே உணர்வையும் வளர்க்க வேண்டும். கவிதை, இசை, இயற்கை ஆகியவை பொழுதுபோக்கு அல்ல; மனத்துக்கு அன்றாட உணவு.

சொல்வது எளிது. இசையிலேயே அவர் ஒரு வேடிக்கையான சிக்கலில் மாட்டினார். வெபரின் 'ஓபரான்' இசை நாடகம் அவருக்கு இன்பம் தந்தது. உடனே பகுப்பாய்வு மூளை விழித்துக்கொண்டது. சுரங்கள் சிலவே, அவற்றைச் சேர்க்கும் வழிகளுக்கும் எல்லை உண்டு, அழகான சேர்க்கைகள் எல்லாம் ஒருநாள் தீர்ந்துபோய்விட்டால் என்ன செய்வது? இந்தக் கவலை அவரை உண்மையிலேயே வாட்டியது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, விடுமுறையின் முதல் நாளே அது முடியப்போவதை எண்ணிக் கவலைப்படும் என் பழக்கம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கியது.

1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தார். அதற்கு முன் பைரனைப் படித்துப் பார்த்திருந்தார். அவருடைய மனநிலையும் தம்முடையதைப் போலவே இருந்ததால் பயன் இல்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளில் மலைகள் இருந்தன. 14 வயதில் பிரெனேயில் கண்ட அழகு திரும்பி வந்தது. வெறும் காட்சி வருணனை அல்ல அது. அமைதியாகச் சிந்திக்கும்போது எழும் உணர்வு. போட்டியும் போராட்டமும் இல்லாமல், எல்லா மனிதரும் பங்குகொள்ளக்கூடிய இன்ப ஊற்று ஒன்று உண்டு என்று அவர் கண்டார். பகுப்பாய்வும் உணர்வும் ஒன்றையொன்று கொல்ல வேண்டியதில்லை என்ற தெளிவும் பிறந்தது.

மீண்ட பின்

அதன்பிறகுதான் உலகம் அறிந்த மில் உருவானார். 1843இல் தருக்கவியல் நூல், 1848இல் பொருளியல் நூல், 1859இல் சுதந்திரத்தைப் பற்றிய நூல். 1830இல் சந்தித்த ஹேரியட் டெய்லரோடு நீண்ட கால நட்பு. கணவரை இழந்திருந்த அவரை 1851இல் மணந்தார். ஏழே ஆண்டில், 1858இல், பிரான்சின் அவிஞோன் நகரில் ஹேரியட் காலமானார். மில் அந்தக் கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீடு வாங்கி, ஆண்டின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். இந்தத் துயரம் பெரிது. ஆனால், 20 வயதில் வந்த வறட்சி போன்றதல்ல இது. அன்று அவரால் எதையும் உணர முடியவில்லை. இப்போது ஆழமாக உணர்ந்து அழுதார். அழுதபடியே வேலையைத் தொடர்ந்தார்.

1861இல் வெளியான பயன்முறைக் கொள்கை பற்றிய கட்டுரைகளில் பெந்தாமின் அளவுகோலைத் திருத்தினார். இன்பங்கள் அளவில் மட்டுமல்ல, தரத்திலும் வேறுபடுகின்றன என்றார். உயர்ந்தவற்றை நுகரும் ஆற்றலை ஒரு மென்மையான செடிக்கு ஒப்பிட்டார். தண்ணீர் ஊற்றாவிட்டால், குறிப்பாக இளமையில், அது எளிதில் பட்டுப்போகும். இது ஏட்டிலிருந்து எடுத்த கருத்தல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது.

1865 முதல் 1868 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1867இல் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். 73 உறுப்பினர்களே ஆதரித்தனர்; திருத்தம் தோற்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகளில் பெண்ணடிமையை எதிர்த்து ஒரு நூலே வெளியிட்டார்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை செய்தவர், ஒரு முறைகூட இந்தியாவுக்குப் போனதில்லை. சுதந்திரத்தைப் போற்றிய அவரே, இந்தியர் போன்றோர் தன்னாட்சிக்கு இன்னும் தயாராகவில்லை என்றும் எழுதினார். ஒரு மனிதரிடம் கற்பதற்கு அவரை வழிபட வேண்டியதில்லை.

14 வயதில் தொடங்கிய செடி சேகரிப்பை அவர் கடைசிவரை விடவில்லை. அதற்கு மதிப்பெண் இல்லை, பதவி இல்லை, உலகச் சீர்திருத்தமும் இல்லை. 1873ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அவிஞோனில் காலமானார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னால்கூடச் செடி தேடி நெடுந்தூரம் நடந்திருந்தார்.

இன்றைய உளவியல் என்ன சொல்கிறது?

நேர்மறை உணர்வுகளைத் தனித்துறையாக ஆராயும் முயற்சி, 1998இல் மார்ட்டின் செலிக்மன் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது வேகம் பெற்றது. மில் சொன்னவற்றில் சில இன்று சோதனைச்சாலைக்கு வந்துள்ளன. ஐரிஸ் மாஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியின் சிறப்பைப் போற்றும் கட்டுரையைப் படித்தவர்கள், அதன்பின் ஒரு மகிழ்ச்சியான படத்தைப் பார்த்தபோது, அதைப் படிக்காதவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். எதிர்பார்ப்பு ஏறினால் ஏமாற்றமும் ஏறுகிறது. நேரம் போவதே தெரியாமல் ஒரு செயலில் மூழ்கும் நிலையை மிஹாய் சிக்சென்ட்மிஹாயி பல்லாண்டு ஆராய்ந்தார். அந்த நிலையில் இருப்பவர், தாம் மகிழ்ச்சியாக இருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பிறகுதான் அது இனிமையாக இருந்ததை உணர்கிறார்.

ஒன்றை மட்டும் மில்லிடம் நாம் பின்பற்றக்கூடாது. அவர் மௌனமாக இருந்தார். முன்பு பிடித்தவற்றில் ஈடுபாடே இல்லாமல் போவது, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மன அழுத்த நோயின் முக்கிய அறிகுறியாக இருக்கலாம் என்று மருத்துவம் இன்று சொல்கிறது. அது சோம்பலும் அல்ல, நன்றிகெட்டதனமும் அல்ல. மில்லுக்கு ஒரு புத்தகம் தற்செயலாகக் கிடைத்தது. நாம் தற்செயலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார், மருந்தகத்தில் மருத்துவர் இருக்கிறார், வீட்டில் யாராவது ஒருவர் இருப்பார்.

நான் என் அக்காவிடம் சொன்னேன். தேர்வு முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது. அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். பட்டமளிப்பு விழா அன்று தமக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லி, அடுப்பைப் பார்த்தபடியே சிரித்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வீட்டில் ஒரே அனுபவம். இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம்.

படிவம் 4இல் பிரத்தியேக வகுப்புக்கு நேரம் வேண்டும் என்று நான் மிருதங்கத்தை நிறுத்தியிருந்தேன். இப்போது சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். அரங்கேற்றம் செய்யும் எண்ணம் இல்லை, சான்றிதழும் வேண்டாம். விரல்கள் இன்னும் தடுமாறுகின்றன. சென்ற வாரம் தாளம் தப்பியபோது ஆசிரியர் முறைத்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மணியைப் பார்த்தேன். வகுப்பு முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.